அம்பது கிலோ

எறங்காத, எறங்காத. நெம்பர் ஆடிகினு கீது பாரு, அது நிக்கட்டும். மூச்ச புடிக்காதமே, மூச்ச புடிச்சா வெயிட்டு ஏறும்னு எவன் சொன்னான் உனக்கு? செருப்ப கயட்டிட்டியா? ம். கைல இன்னா, போனா? அத்த இங்க குடு. அண்ணாச்சி, அந்த ஆள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு, எனக்கு நெம்பர் தெரில. அவன் பாத்தா இன்னா இப்போ? உன்ன இன்னா கொத்திகினா போவப் போறான்? அரிசி மூட்ட தூக்கறவன், தராசு பாக்கறது அவன் பொயப்பு. ஏயு வாரமா ஞாயித்துக்கெயம ஆனா இதுல வந்து ஏறிகினு தானே கீற, இன்னும் இன்னா வெக்கம்?

எத்தினி அண்ணாச்சி? அம்பது முந்நூறா? போன வாரம் நாப்பத்தெட்டர தானே. ஒரே வாரத்துல ரெண்டு கிலோ ஏறிச்சா?

இரு. இரு இரு. கீய எறங்கி கிட்ட வா. துப்பட்டாவ தூக்கு. இடுப்புல இன்னாது புடைச்சுகினு கீது? ஒண்ணுமில்லியா? ஒண்ணுமில்லாதது ஏன் கல்லு மாரி கீது? எடு. எடுன்றேன்ல.

ஐய! படிக்கல்லு! அண்ணாச்சி, இங்க பாரு இந்த கூத்த. ரெண்டு அரைக்கிலோ கல்ல கர்ச்சீப்புல சுத்தி பேண்ட் நாடால கட்டிகினு வந்துகீறா. எங்கேர்ந்து சுட்ட? பக்கத்து வூட்டு காய்கறி வண்டிலேர்ந்தா? சிரிக்காத அண்ணாச்சி, பொண்ணு அயுதுடும். அயாதமே. என் புள்ளைய கட்டிக்க உனக்கு இம்மா அவசரமான்னு எனக்கே சிரிப்பு வருது. ஆனா இந்த டகால்ட்டி வேலைலாம் என்னாண்ட வோணாம். இத்தினி வருசமா தள்ளுவண்டி கட வெச்சிகினு ஹார்பர் லாரி டிரைவருங்களுக்கு நாஷ்டா போடறவ நான். எவன் நாலு இட்லி துன்னான், எவன் அஞ்சு துன்னுட்டு நாலுன்றான்னு மூஞ்ச பாத்தே சொல்லிடுவேன்.

நாப்பத்தொம்போது முந்நூறு. அதான் கணக்கு. வா, வூட்டுக்குப் போலாம். அந்தாண்ட வெயில்ல போவாத, இந்தாண்ட நெயல்ல வா. லாரி வருது பாரு, கண்டெய்னரு, ஓரமா வா. உனுக்கு எதுனா ஆச்சுன்னா இப்போ எனக்குத் தான் கஷ்டம்.

குந்து. கீய வோணாம், சேர்ல குந்து. ஆண்ட்டி ஆண்ட்டின்ற, அத்தன்னு கூப்புடத் தெரியாதா? ம், அப்டி. குட்டுவனா? வேலைக்கிப் போயிகீறான். ஆமா, ஞாயித்துக்கெயமயும் தான். கண்டெய்னர் யார்டுல கப்பல் வந்தா ஞாயிறு இன்னா திங்கள் இன்னா. சாய்ந்தரம் வருவான். நீ துன்னு மொதல்ல. இந்தா, கொண்டக்கடல. ராத்திரியே ஊற வெச்சு வேவ வெச்சது. இது நாலு முட்ட. மஞ்சக்கருவ ஒதுக்காத, அதுல தான் சத்து கீது. நெத்திலி கொயம்பு கீது, முள்ளோட மென்னு துன்னு. அப்பால ரெண்டு வாயப்பயம், ஒரு டம்ளர் பாலு. ஒரே மூச்சா துன்ன சொல்லல, மெதுவா துன்னு. ஒல்லி ஒடம்புக்கு மூணு வேள பத்தாது, ஆறு வேள துன்னணும், கொஞ்சம் கொஞ்சமா. சோத்துக்கு முன்ன டீ குடிக்காதன்னேன், வுட்டுட்டியா? பில்லிங் கவுண்டர்ல நின்னுகினே பைல வேர்க்கடல போட்டு கொறிக்கச் சொன்னேனே, சூப்பர்வைசர் திட்டுறானா? திட்டட்டும், அவன் இன்னா உனக்குத் தாலி கட்டவா போறான்?

ஹவுசிங் போர்டுல தண்ணி யாரு தூக்கறா? நீயா, ரெண்டு கையிலயும் ரெண்டு கொடமா? சபாஷ். மூணாவது மாடிக்கு தெனம் நாலு நட போவணும், உங்கம்மாவ தூக்க வுடாத. சும்மா துன்னுகினு குந்திகினு இருந்தா கொயுப்பு தான் ஏறும். வேல செஞ்சுகினு துன்னாதான் கறி ஏறும். கொயுப்பு வோணாம் நமக்கு. ஒரு பொட்டு கூட வோணாம்.

இன்னாது, பஜ்ஜியா? அத்த நீ பாக்கவே கூடாது. சிரிப்பா கீது உனக்கு? என் கட பஜ்ஜிக்கு எண்ணூர்லேர்ந்து லாரிய நிறுத்தி வாங்கிகினு போறானுங்கோ, அந்த பஜ்ஜிய நானே உனுக்கு வோணாம்ன்றேன். எண்ண வோணாம், பாமாயிலு, டால்டா, கேக்கு, கூல்டிரிங்ஸு ஒண்ணும் வோணாம். அந்த ஜிம்முகாரன் விக்கிற பவுடரும் வோணாம். அப்பால வயித்து வலி மாத்திர. மாசா மாசம் போடுவியே, அத்தயும் போடாதன்னு சொன்னேன். வலிச்சா வலிக்கட்டும், சுடு தண்ணி பை வெச்சுக்கோ. ஏன்னு கேக்காத. எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு அம்பது கிலோ ஒயுங்கான ஒடம்போட வரணும், அப்பால தான் தாலின்னு மொத நாளே சொன்னேனா இல்லியா?

என் தம்பிய பாத்துகீற இல்ல, சின்னப்பையன்? அதான், ட்ரெய்லர் ஓட்றானே. அவன் உன்ன விட ஒல்லி, சட்டைய கொடில தொங்க வுட்டா மாரி இருப்பான். அவனுக்கும் இதே மாரி ஒரு செலக்சன் வந்துச்சு, அம்பத்தஞ்சு கிலோ இருக்கணும்னானுங்க. எனக்கு அப்போ ஒண்ணும் தெரியாது, துன்னா ஏறும்னு தானே நெனச்சேன். காலைல ஆட்டுக்கால் பாயா, மத்தியானம் கொயுப்பு கறி, சாய்ந்தரம் என் கட பஜ்ஜி பத்து, ராத்திரி தெனம் ரெண்டு பீரு. பீரு குடிச்சா ஒடம்பு போடும்னு நானே வாங்கிக் குடுத்தேன்மே, ஒயின் ஷாப் வரிசைல நின்னு. ரெண்டே மாசத்துல பத்து கிலோ. கன்னம்லாம் உப்பிகினு மாப்ள மாரி இருந்தான். பூவு, பயம்னு தட்டு தூக்கிகினு ஜம்முனு இட்டுகினு போனோம். ஸ்கேன் எடுத்துட்டு, உள்ள பூரா கொயுப்பு படிஞ்சு கீது, இவரு வோணாம்னு திருப்பி அனுப்சிட்டானுங்க. என் கையாலயே கெடுத்தேன். வூட்டுக்கு வந்து செவுத்துல தலைய முட்டிகினேன்.

இன்னா செலக்சனா? அது கெடக்கட்டும், நீ முட்டய துன்னு. அன்னிக்கி தான் டாக்டரம்மா என்ன குந்த வெச்சு சொல்லிச்சு, வெயிட்டு ஏறினா மட்டும் பத்தாதும்மா, நல்லபடியா ஏறணும்னு. எது துன்னணும், எது துன்னக்கூடாது, எல்லாம் பேப்பர்ல எய்திக் குடுத்துச்சு. அத்த பாத்து தான் உனக்கு செய்யிறேன். சொம்மா ஒண்ணும் இல்ல.

ரெண்டு வருசத்துக்கு முன்ன நீ குட்டுவன் பைக்ல பின்னாடி குந்திகினு இதே வாசல்ல வந்து எறங்கினியே, நெனப்பு கீதா? நான் இன்னா சொன்னேன்? தொடப்பக்குச்சிக்கி சுடிதார் மாட்டி இட்டாந்துகீறான்னு சொன்னேன். தெருவே சிரிச்சுது. வியாசர்பாடி பொண்ணு என் அடுப்பாண்ட வரக்கூடாதுன்னும் சொன்னேன். சொன்னேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். உங்கம்மா வந்து கேட்டப்போ அந்த படிக்கட்டாண்டயே நிக்க வெச்சேன், ஒரு டம்ளர் தண்ணி குடுக்கல. இப்போ அந்தம்மா ஏரியா பூரா, கெங்கம்மா திருந்திட்டா, தங்கமானவன்னு சொல்லிகினு கீதாம். சொல்லட்டும், நல்லது தானே.

வோணாமா? வயிறு ரொம்பிச்சா? வயிறு அப்டித் தான் சொல்லும், அது பேச்ச கேக்காத. வாந்தி வருதுன்னா கொஞ்சம் நேரம் நட, அப்பால வந்து துன்னு. நடிக்காதமே.

இன்னா இப்போ, திருப்பியும் அதே கேள்வியா? அம்பது ஆனா நிஜமா கல்யாணமான்னு எத்தினி வாட்டி கேப்ப? இந்தா, கைல அடிச்சு சொல்றேன். வர்ற வெள்ளிக்கெயம காலைல தாலி. உங்க பக்கத்துல பத்து பேரு, எங்க பக்கத்துல பத்து பேரு, போதும். ஆனா போட்டோ நெறைய எடுக்கணும். மால மாத்தறது, தாலி கட்டறது, ரெண்டு பேரும் சோறு ஊட்டிக்கறது எல்லாம். போட்டோகாரனுக்கு சொல்லிட்டேன். திங்கக்கெயமயே ரிஜிஸ்டர் பண்ணி சர்டிபிகேட்டு வாங்கிடணும். ஏன் அவசரமா? நீ தானே படிக்கல்ல கட்டிகினு வந்த, இப்போ நான் அவசரப்படறனா?

ஆஸ்பத்திரில பதினெட்டாந்தேதிக்கி வரச் சொல்லிட்டாங்கோ, அதுக்குள்ள பேப்பர் வோணும். மாமன் குடுக்கறான்னா ஆயிரம் பேப்பர் கேக்கறானுங்கோ. பொண்டாட்டி குடுக்கறான்னா சர்டிபிகேட்டும் போட்டோவும் இருந்தா போதுமாம். அப்பால கமிட்டின்னு நாலு பேரு குந்திகினு உன்ன தனியா கூப்ட்டு கேப்பாங்கோ, யாருனா கட்டாயப்படுத்தினாங்களான்னு. இல்லங்க, நானா தான் குடுக்கறேன்னு சொல்லணும். அயக்கூடாது, சிரிச்சா மாரி சொல்லணும்.

இன்னா குடுக்கறதா? ஈரல்மே. முய்சா இல்ல, ஒரு துண்டு. வெட்டினா திரும்ப வளந்துடுமாம், ரெண்டு மூணு மாசத்துல. பயப்படாத, தயும்பு வரும், சேல கட்டினா தெரியாது. குட்டுவனுக்கு காமால வந்து பூடுச்சுன்னு சொன்னோம்ல, போவல. மீஞ்சூருக்கு அந்தாண்ட ஒருத்தன் பச்சில குடுக்கறான்னு அஞ்சு மாசம் இட்டுகினு அலைஞ்சேன், உப்பில்லாத சோறு போட்டேன், அதுக்குள்ள ஈரல் சுருங்கிப் பூடுச்சு. இன்னிக்கி வேலைக்கிப் போவல அவன். வயித்துல தண்ணி கட்டிகினு கீது, அத்த எடுக்க ஆஸ்பத்திரில சேத்துகீறோம். நான் குடுக்க மாட்டனா? முய்சா அறுத்துகினு போங்கடான்னு அந்த டாக்டரம்மா கால்ல வியுந்தேன். உனக்கு சக்கர கீது, வயசாயிடுச்சு, வோணாம்னுட்டாங்கோ. தம்பிய நானே பஜ்ஜி போட்டு கெடுத்தேன். ஒடம்பு சின்னதா இருந்தா ஈரலும் சின்னதா இருக்குமாம், துண்டு போட்டா ரெண்டு பேருக்கும் பத்தாதாம். அம்பது கிலோவாச்சும் இருக்கணும், கொயுப்பு இருக்கக் கூடாதுன்னாங்கோ. அவ்ளோ தான் விசயம்.

உங்கம்மா கைல இப்போ சொல்லாத. தாலி ஏறட்டும், அப்பால நானே சொல்லிக்கறேன்.

இன்னா? அவனுக்குத் தெரியுமாவா?

ஐய, தெரியாமயா. நான் உன் பேரையே மறந்துட்டேன்மே. அவன் தான் தை மாசம் அந்த கட்டில்ல படுத்துகினு சொன்னான், அம்மா, ஷாலுவ கேளு, அவ எனக்கு எதுவும் இல்லன்னு சொன்னதே இல்லன்னு. அங்கியே, என் எதுர்லயே, உனுக்கு போன் போட்டு உன் பிளட் குரூப்பு இன்னான்னு கேட்டான். எதுக்குன்னு நீ கேட்டதுக்கு, கம்பெனி பாரத்துல பொண்டாட்டி பேருக்கு நேரா எய்தணும்னு சொன்னான். பொண்டாட்டின்னதும் நீ சந்தோசத்துல போன்லயே அயுதுட்ட. வெச்சிட்டு, ஓ பாசிட்டிவ்மா, சேரும்னு என்னப் பாத்து சிரிச்சான். நாலு மாசத்துல அன்னிக்கி தான் என் புள்ள மூஞ்சில சிரிப்ப பாத்தேன்.

இன்னாத்துக்கு எயுந்துக்கற? குந்து. இன்னும் எயுநூறு கிராம் கீது.