பதினோரு நொடி

— ஒரு நொடி மௌனத்துக்கு முப்பது டாலர், வெர்னாம்மா. இது நான் வச்ச விலை இல்ல. இந்த ராணுவப் படத்தோட மொத்தச் செலவை நொடி நொடியா வகுத்து வாஷிங்டன்லேர்ந்து எழுதியிருக்காங்க. படத்தை வெட்டி ஒட்டற நீங்க கேக்கறது பதினோரு நொடி. பேச்சு இல்ல, இசை இல்ல, சத்தம் இல்ல. முன்னூத்தி முப்பது டாலர் குடுத்து யாராவது ஒண்ணுமில்லாததை வாங்குவாங்களா?

— வாங்குவாங்க, மேஜர். போன வாரம் தளபதி மேசைக்குப் பின்னாடி வைக்கணும்னு நானூறு டாலருக்கு உலக உருண்டை வாங்கினீங்க. அதுல முக்கால்வாசி வெறும் கடல்.

— அது காட்சிக்கு வேணும். சுருக்கமாச் சொல்லுங்க, ரீல்ல என்ன குறை?

— அணுகுண்டோட வெளிச்சமும் சத்தமும் கை கோத்துக்கிட்டு ஒண்ணா வருது.

— வெடின்னா அப்படித்தானே?

— ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கையை நீங்க தூரத்துலேர்ந்து பார்த்ததே இல்லையா? முதல்ல பூ விரியும், அப்புறம்தான் சத்தம். நெவாடா சோதனையில நம்ம சிப்பாய்ப் பசங்க இருந்த குழி குண்டுலேர்ந்து ரெண்டேகால் மைல். வெளிச்சம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும். சத்தமும் அடியும் பின்னாடி நடந்து வரும். பதினோரு நொடி ஆகும்.

— எனக்கே பாடமா? நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன்.

— இருந்தீங்க. கான்கிரீட் போட்ட கேமரா அறைக்குள்ள, ஸ்பீக்கர் மைக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு.

— பாருங்கம்மா, செனட் ஆளுங்க இருட்டுல உக்காந்திருப்பாங்க. திரை முழுக்க வெளிச்சம். சத்தமே வராது. பாதிப்பேர் புரொஜெக்டர் கெட்டுப்போச்சுன்னு திரும்பிப் பார்ப்பான். மீதிப்பேர் குண்டே புஸ்ஸுன்னு போச்சுன்னு நினைப்பான். இந்தப் படம் எதுக்கு? எதிரி நம்ம மேல கை வைக்க நூறு தடவை யோசிக்கணும். அவனோட பயம்தான் நம்ம கேடயம்.

— அப்ப டப்பா மேல ‘மிக ரகசியம்’னு ஏன் முத்திரை?

— அது... விதி.

— நல்லா இருக்கு சாமி! எதிரியைப் பயமுறுத்தப் படம் எடுப்பீங்க, எதிரி கண்ணுல படக் கூடாதுன்னு பூட்டி வைப்பீங்க. கடைக்குப் பெயர்ப்பலகை எழுதி அதைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சவனை நான் இப்பத்தான் பார்க்கறேன். பயப்பட வேண்டியவன் மாஸ்கோவுல குறட்டை விடறான். படத்தைப் பார்க்கறது நம்ம பசங்கதான். அடுத்த சோதனைக்கு முன்னாடி அறுநூறு பேருக்குப் போடப்போறீங்க. வெளிச்சம், டமார், எந்திரிச்சுச் சிரி. அதான் அவன் கத்துக்குவான். அங்க போனா வெளிச்சம் வரும், சத்தம் வராது. முடிஞ்சுதுன்னு தலையைத் தூக்குவான். அப்ப வரும் அடி, பாலைவனத்துக் கல்லையும் மண்ணையும் வாரிக்கிட்டு.

— ஒலிபெருக்கியில சொல்றவரைக்கும் எவனும் தூக்கக் கூடாது. கட்டளை தெளிவா இருக்கு. நீங்க அந்த லானி பையனை மனசுல வச்சுக்கிட்டுப் பேசறீங்க.

— ஆமா. லானி ப்ரூயிட்டைத்தான் சொல்றேன். பத்தொன்பது வயசு. ரெண்டு கண்ணும் இல்ல.

— எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஆனா விசாரணையில தீர்மானமாயிடுச்சு. ஒழுங்கு மீறல். நம்ம படமே அதுக்குச் சாட்சி. வெளிச்சம் வருது, சத்தம் வருது, அதுக்கப்புறமும் பையன் முழுசாச் சிரிச்சுக்கிட்டு நிக்கறான். அப்ப அவன் கண்ணைக் குண்டு எடுக்கலை. பின்னாடி அனுமதி இல்லாம குழியை விட்டு ஏறியிருக்கான், புழுதிக்காத்துல மாட்டியிருக்கான்.

— ஏறினதை நீங்க பார்த்தீங்களா?

— சிரிப்பு வரைக்கும்தான் பார்த்தேன். அப்புறம் ஒரே புழுதி. எதிர்ல சுவர் எழும்பின மாதிரி.

— புழுதி எங்கேர்ந்து வந்துது மேஜர்? வெடிச்சத்தம் போய் அடங்கின இடத்துல திடீர்னு?

— பாலைவனம்மா அது. புழுதிக்குப் பஞ்சமா?

— ஒழுங்கு மீறினவனுக்குப் பென்ஷன் கிடையாது. வியாழக்கிழமை அவன் மேல்முறையீடு. பெரிய அதிகாரிங்க மூணு பேரும் இந்த ரீலைத்தான் போட்டுப் பார்க்கப் போறாங்க. போன ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கட்டோட உக்காந்திருந்தான். என்ன கேட்டான் தெரியுமா? “படத்துல நான் நல்லா வந்திருக்கேனா?”ன்னான்.

— நல்லாத்தான் வந்திருக்கான். என்ன முகம் அது! நான் பற்பசை விளம்பரம் எடுத்த காலத்துல கிடைச்சிருந்தான்னா நாட்டுல ஒரு பிரஷ் மிச்சம் இருந்திருக்காது. அதான் அந்தச் சிரிப்புக்கு மேலேயே ‘அஞ்சாத அமெரிக்க முகம்’னு வர்ணனை வச்சேன்.

— வயிறு எரியுது மேஜர். சிரிப்பு உங்களுக்கு, பழி அவனுக்கா?

— சரி, சரி. கத்தாதீங்க, வெளியில காவலுக்கு ஆள் நிக்கறான். ரெண்டு நொடி தரேன்.

— பதினொண்ணு.

— மூணு.

— இது என்ன, பழைய காரா பேரம் பேச? அந்தக் குண்டுகிட்ட போய்ப் பேசுங்க, குறைக்குதான்னு பார்ப்போம்.

— அஞ்சு. அதுக்கு மேல என்னால முடியாது... சரி, பதினொண்ணே வச்சுக்குங்க. ஆனா அடியில வயலின் ஓடணும்.

— மௌனத்துக்கு வயலினா! நீங்க தண்ணியையே சக்கரைப் பாகுல கழுவற ஆளு. இப்படி உக்காருங்க. இந்த மேசை விளக்கைப் போடுவேன், அதுதான் குண்டு. நான் மேசையைத் தட்டறதுதான் சத்தம். அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

— சின்னப்பிள்ளை விளையாட்டு.

— போட்டாச்சு.

— ...

— ...

— என்ன, தட்ட மறந்துட்டீங்களா?

— பாதி கூடத் தாண்டலை. டோனட்டைக் கையில வச்சுக்கிட்டு, மெத்தை நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டு உங்களால முடியலை. குழியில கிடக்கற பையனால முடியணும்!

— நிரூபிச்சுட்டீங்க, சந்தோஷம். இருந்தாலும் ரீல்ல அவன் சத்தத்துக்கு அப்புறம்தானே சிரிக்கறான்? அதை மாத்த முடியாதே.

— அந்தச் சத்தமே பொய். படத்துல கேக்கற டமார் எங்கேர்ந்து வந்துது தெரியுமா? கல்குவாரியில பாறை உடைச்ச வெடி. அலமாரியில கிடந்த ரீல். சத்தத்தை வெளிச்சத்தோட சேர்த்து வைன்னீங்க, எடுத்து ஒட்டினேன்.

— அப்ப நிஜச் சத்தம்?

— ஒலிப்பதிவு பண்ற க்ளெம் குழிக்குள்ள ஒரு மைக் புதைச்சு வச்சிருந்தான். ‘வெறும் இரைச்சல், வேண்டாம்’னு நீங்கதான் ஒதுக்கினீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தப்புறம் அந்த நாடாவைத் தேடி எடுத்தேன். இதோ ஓடுது.

— எண்ணறாங்களே... மூணு, ரெண்டு, ஒண்ணு...

— வெளிச்சம் வந்தாச்சு. சத்தம் இருக்கா? இல்ல. கைக்கடிகாரத்தைப் பாருங்க. இப்பப் பேசறது லானி.

— “சார், முடிஞ்சுதா?”

— அடுத்தது ஸ்பீக்கர்ல வர்ற குரல். நல்லாக் கேளுங்க.

— “முடிஞ்சுது தம்பி! கோடியில இருக்கற நீதான், தலையைத் தூக்கு. இந்தப் பக்கம் பார்த்துச் சிரி. சீக்கிரம், வெளிச்சம் போயிடும்!”

— ...நிறுத்துங்க.

— இன்னும் வரலையே மேஜர். பொறுங்க. இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கான்... இப்ப.

— கடவுளே.

— வந்துடுச்சு. புழுதியும் அதோடதான் வந்துது.

— இல்ல. நான் சத்தம் ஓய்ஞ்சப்புறம்தான் சொன்னேன். சத்தியமா வெர்னா, கண்ணு முன்னாடி நிக்குது. வெளிச்சம், டமார், அப்புறம்தான் மைக்கை வாய்கிட்ட கொண்டுபோனேன்...

— உங்க கண்ணு முன்னாடி நிக்கறது நான் ஒட்டிக் குடுத்த ரீல். அதை நூறு தடவை போட்டுப் பார்த்தீங்க, அதுவே ஞாபகமாயிடுச்சு. அன்னைக்கும் அதுதான் கதை. அதுவரைக்கும் நீங்க நிஜக் குண்டைப் பார்த்ததே இல்ல, நம்ம பழைய படங்கள்ல வர்ற குண்டைத்தான் பார்த்திருந்தீங்க. அதுல வெளிச்சம் வந்தா எல்லாம் முடிஞ்சுது.

— விசாரணையில கையெழுத்துப் போட்டிருக்கேன். அவனாவே குழியை விட்டு ஏறினான்னு.

— தெரியும்.

— அந்தப் பையன் ஏன் சொல்லலை? மேஜர்தான் தலையைத் தூக்கச் சொன்னார்னு என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே?

— சொன்னான். முதல் நாளே சொன்னான். படத்தைப் போட்டுக் காட்டி, உனக்கு மூளை கலங்கிடுச்சுன்னாங்க. பாவி, அவனும் நம்பிட்டான்.

— ...இப்ப நான் என்ன பண்ணணும்?

— வியாழக்கிழமை ரீலோட இந்த நாடாவும் போகும். நீங்களும் கூடப் போவீங்க. போறதுக்கு முன்னாடி நீங்க போட்ட விலையிலேயே ஒரு கணக்கைப் பார்த்துடலாம். அடி வந்தது பதினோராவது நொடியில. நீங்க வாயைத் திறந்தது நாலாவது நொடியில. நீங்க பொறுக்காம விட்ட நொடி ஏழு. நொடிக்கு முப்பதுன்னா இருநூத்திப் பத்து. அப்ப கண்ணு ஒண்ணுக்கு நூத்தி அஞ்சு டாலர், மேஜர். லானி பேருல எழுதிக்குங்க, பாக்கின்னு.