கைசாவின் தப்பு நோட்டு

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் பதினேழாம் கேள்விக்கு இரண்டு அங்குல இடம்தான் விட்டிருக்கிறீர்கள். என் எழுத்து கொஞ்சம் பெரிது. பல் மருத்துவமனையின் முன்மேசையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்து, வயதானவர்கள் கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி அடுத்த தேதியை எழுதிக் கொடுத்துப் பழகிய கை. அதனால் தனித்தாளில் எழுதி இணைக்கிறேன். சேர்க்கைக் குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் நேர்மையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே சின்ன எழுத்தில், சந்தேகமிருந்தால் எழுதிவிடுங்கள், செய்ததைவிட மறைப்பதைத்தான் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வோம் என்றும் போட்டிருக்கிறீர்கள். நல்ல வழக்கம். வக்கீலாக வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி இப்படிக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் டுலூத் ஊரில் தேவாலயத்தில்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள். ஒரு கோப்பை காபியைக் கையில் கொடுத்து, இந்த வருஷம் ஏரி சீக்கிரம் உறைந்துவிட்டதே என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் ஏரிக்கரைச் சாலையில் வேகமாகக் கார் ஓட்டி அபராதம் கட்டினேன். முப்பது வயதில், தேவாலய விருந்துக்கு நானே செய்ததாகச் சொல்லி, கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுடுகிற ஹாட்டிஷ் ஒன்று கொண்டுபோனேன். உருளைக்கிழங்கு வெட்டியதிலிருந்து அடுப்பில் வைத்தது வரை என் அண்ணி. எல்லோரும் இரண்டு முறை போட்டுக்கொண்டார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது, கைசா லெஹ்தினென் விஷயம். இது இந்தக் கேள்வியில் சேருமா சேராதா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

கைசா எங்கள் மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாள். இருபத்தாறு வயது, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஒரு கிழவரின் பல்செட்டுக்குப் பணம் தர மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தபோது, கைசா சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து ஒரு பக்கம் கடிதம் எழுதினாள். அவர்கள் சொன்ன நாலு காரணமும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று அதில் பிட்டுப்பிட்டு வைத்திருந்தாள். பத்தாம் நாள் பல்செட்டுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. டாக்டர் அவள் கடிதத்தைப் படித்துவிட்டு, “நீ இங்க எச்சில் உறிஞ்சிக்கிட்டு என்ன பண்ற? போய்ச் சட்டம் படி” என்றார். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்.

அன்றைக்கே இருவரும் கைகொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டோம். சேர்ந்து படிப்போம், சேர்ந்து நுழைவுத் தேர்வு எழுதுவோம், சேர்ந்தே ஒரு கல்லூரிக்குப் போவோம். எனக்கு அதற்குமுன் யாரும் எதற்கும் கைகொடுத்ததில்லை. செவ்வாயும் வியாழனும் மருத்துவமனை மூடியதும் காத்திருப்பு அறையில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் படித்தோம். சனிக்கிழமை காலை முழு மாதிரித் தேர்வு. நான் எலுமிச்சை பார் என்கிற இனிப்புத் துண்டுகள் சுட்டுக் கொண்டுவருவேன், அவள் காபி போடுவாள். அந்த மாதங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் தேர்வுப் புத்தகங்களின் பின்னால் விடைகள் இருக்கும். முதல் நாளே கைசா அந்தப் பக்கங்களைக் கிழித்து என்னிடம் நீட்டினாள்.

“என் கையில இருந்தா எட்டிப் பாத்துருவேன், மார்லிஸ். நீயே வெச்சுக்கோ. நேரம் பாக்குறதும் நீதான், திருத்துறதும் நீதான்.”

“அவ்வளவு நம்பிக்கையா என்மேல?”

“உன்ன நம்பாம வேற யார நம்புறதாம்?”

எங்கள் ஊரில் அடுத்தவர் கையிலிருக்கும் தாளை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. தட்டில் கடைசித் துண்டு பாரைக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் பாதியாக வெட்டி, கடைசியில் அது காய்ந்தே போகும். கைசா நல்ல குடும்பத்தில் வளர்ந்தவள். விடைத்தாளைக் காட்டு என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

மதிப்பெண் நூற்றிருபதிலிருந்து நூற்றெண்பது வரை என்பது உங்களுக்குத் தெரியும். முதல் மாதம் நான் 149, அவள் 163. இரண்டாம் மாதம் நான் 151, அவள் 169. அவளுக்காக மனதாரச் சந்தோஷப்பட்டேன், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு சனிக்கிழமை அவள் வாயைத் துடைத்துக்கொண்டே, “இப்படியே போனா சிகாகோவுக்கே விண்ணப்பம் போடலாம் போலிருக்கே” என்றாள். எங்கள் ஒப்பந்தத்தில் சிகாகோ கிடையாது. 151 வாங்கியவளைச் சிகாகோவில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஒப்பந்தம் முறிந்துபோகும் நிலை வந்தால் ஒரு தரப்பு அதைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுப்பதில் தவறென்ன? அதைத்தான் செய்தேன்.

முதலில் நேரத்தில் கைவைத்தேன். ஒரு பகுதிக்கு முப்பத்தைந்து நிமிஷம். வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையலறை மணிக்கடிகாரத்தை முப்பத்திரண்டுக்குத் திருகினேன். மூன்று வாரம் அவள் மதிப்பெண் இறங்கியது. பிறகு பிடித்துக்கொண்டாள். முப்பதாக்கினேன், அதையும் பிடித்தாள். இருபத்தெட்டில் 168 வாங்கிவிட்டு, “இன்னிக்கு ஏன் இவ்ளோ சீக்கிரம் மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு?” என்று சிரித்தாள். நான் அவளைப் பந்தயக் குதிரையாகத் தயார் செய்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. இது வேலைக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகுதான் திருத்துவதில் மாற்றம் செய்தேன். முதல் நாள் இரண்டே இரண்டு சரியான விடைகளுக்குத் தப்புப் போட்டேன். கைசா முகம் சுருங்கியது. ஏன் தப்பு என்று கேட்டாள். கேட்காமல் இருப்பாளா? காரணம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு கேள்வி நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மீன்கடைக்காரர் சொல்கிறார்: என் கடை திறந்திருக்கும் நாளிலெல்லாம் வாசலில் கொடி பறக்கும், இன்று கொடி பறக்கிறது, ஆகவே கடை திறந்திருக்கிறது. இந்த வாதத்தில் பிழை என்ன? கடை மூடியிருக்கும் நாளிலும் கொடி பறக்கலாமே என்று கைசா எழுதியிருந்தாள். அதுதான் சரி. நான் தப்புப் போட்டேன். அவர் தன் கடையைப் பற்றித் தானே பேசுகிறார், அதனால் அவர் பேச்சை நம்ப முடியாது, அதுதான் பிழை என்று வேறொரு விடையைக் காட்டினேன். பதினைந்து நிமிஷம் விளக்கினேன். நாலு முறை மறுத்தாள். ஐந்தாவது முறை மெதுவாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தப்பு நோட்டு வைத்திருப்பார்கள். இடப்பக்கம் தான் எழுதிய தப்பான விடை, வலப்பக்கம் அது ஏன் தப்பு என்ற காரணம். கைசாவின் நோட்டில் இடப்பக்கம் முழுக்கச் சரியான விடைகள் நிரம்பின. வலப்பக்கம் என் விளக்கங்கள். கண்ணும் கருத்துமாக, அடிக்கோடெல்லாம் போட்டு எழுதியிருப்பாள். ராத்திரி தூங்குமுன் அதை ஒரு முறை படித்துவிட்டுத்தான் படுப்பேன் என்றாள்.

இதில் எனக்கும் கஷ்டம் இருந்தது, சும்மா இல்லை. தப்பான விடையைச் சரியென்று ஒருத்தியை நம்பவைக்க வேண்டுமென்றால், சரியான விடை ஏன் சரி என்பது நமக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அவள் எந்த இடத்தில் மறுப்பாள், எந்த ஓட்டை வழியாகத் தப்பிப்பாள் என்று முன்கூட்டியே யோசித்து அடைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வகுப்புக்குத் திங்கட்கிழமையே தயார் செய்வேன். இரண்டு மாதத்தில் என் மதிப்பெண் 164 ஆகிவிட்டது. இதைவிட நல்ல பயிற்சி முறை எனக்குத் தெரியாது. புதிதாகத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நீங்கள் சிபாரிசு செய்யலாம்.

கைசாவின் அண்ணன் ஈரோ மட்டும் கொஞ்சம் தொல்லை கொடுத்தான். துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத் தாது ஏற்றுகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சானா என்கிற நீராவிக் குளியலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குளித்து முடித்துக் காபிக்கு உட்கார்ந்தோம். ஈரோ தலையில் துண்டோடு வந்து தங்கையைச் சீண்டினான்.

“எங்க வக்கீலம்மா, ஒரு கேள்வி கேளு. நானும் வக்கீலாயிடுறேன்.”

கைசா நோட்டைத் திறந்து அந்த மீன்கடைக் கேள்வியைப் படித்தாள்.

“இதுக்கெல்லாம் ஒரு பரீட்சையா?” என்றான் ஈரோ. “நம்ம தெருமுனையில ஓல்சன் கடைய மூடி ரெண்டு வருஷமாச்சு. கொடி இன்னும் தொங்குது. கொடிய இறக்க மறந்துட்டா கடை திறந்துருமா?”

“நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன்” என்றாள் கைசா, அவன்மேல் பரிதாபப்பட்டு. “அது பொறி, ஈரோ. அவரு தன் கடையைப் பத்தித் தானே பேசுறாரு பாரு, அங்கதான் பிழை.”

ஈரோ துண்டை இறக்கினான். “இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

“மார்லிஸ்தான்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன், “உனக்குப் பரீட்சைக்காரங்க புத்தி தெரியாது, ஈரோ. கண்ணுக்கு முன்னாடி தெரியுற விடைய அவங்க சரின்னு வெக்கவே மாட்டாங்க.”

“அப்ப கண்ணு எதுக்காம்? கைசா, அந்த விடைத்தாள ஒரு தடவ நீயே வாங்கிப் பாரேன்.”

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். “மண்ணள்ளுறவன் உனக்கு என்ன தெரியும்? எனக்காக ஒருத்தி வாரத்துல மூணு நாள் உழைக்கிறா. அவள வீட்டுக்குக் கூப்பிட்டு அசிங்கப்படுத்துறியா?”

அண்ணனிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். சட்டையை மாட்டிக்கொண்டு விறகு பிளக்கப் போய்விட்டான். எனக்கு அவனை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எனக்காக ஒருத்தி குரல் உயர்த்துவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீடு போய்ச் சேரும்வரை காரில் பாடிக்கொண்டே போனேன்.

குளிர்காலம் முற்றியபோது கைசா மற்ற விஷயங்களிலும் என்னைக் கேட்க ஆரம்பித்தாள். டாக்டர் கேட்கிற கருவியைச் சரியாகத்தான் எடுப்பாள். எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியாக என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையசைத்தால் கொடுப்பாள். காரைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து, “பூட்டினேனா, மார்லிஸ்? நீ பாத்தியா?” என்பாள். டாக்டர் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, கருவி கழுவுகிற அறைக்கு அவளை மாற்றிவிட்டார். அங்கே யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், அவளுக்கு அது ஒத்துப்போகிறது.

பிப்ரவரியில் ஒரு அம்மாள் காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்தோடு வந்தார். கிழவருக்கு எழுதிக் கொடுத்த பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். கைசா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “அவங்க மறுத்திருந்தா ஏதாவது காரணம் இருக்கும்மா. நமக்குச் சரின்னு படுறதெல்லாம் சரியாயிடுமா?” என்றாள். அந்த அம்மாள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று எனக்கு மதியச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இதையும் மறைக்க விரும்பவில்லை.

தேர்வுக்கு என் காரில்தான் போனோம். எனக்கு 167. கைசாவுக்கு 141. அவள் அழவில்லை. “உனக்கு வந்துருச்சே, அது போதும்” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான்தான் அழுதேன்.

ஒப்பந்தத்தை நான் மீறவில்லை என்பதைக் குழுவினர் கவனிக்க வேண்டும். நீங்கள் எனக்கு இடம் கொடுத்தால் சேர்ந்தேதான் வருகிறோம். உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு பார்த்தாயிற்று. நான் வகுப்புக்குப் போவேன், கைசா வீட்டைப் பார்த்துக்கொள்வாள். சிகாகோவுக்குப் போயிருந்தால் தனியாக என்ன பாடுபட்டிருப்பாளோ.

எழுதியதை அவளிடம் காட்டாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நேற்றுக் காலை என் சமையலறையில் உட்கார்ந்து, இதுவரை நீங்கள் படித்த அத்தனையையும் அவளும் படித்தாள். கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்ப நான் எழுதினதெல்லாம் சரியா இருந்துச்சா?”

“பெரும்பாலும்” என்றேன். பொய் சொல்லக் கூடாது.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இது தப்பு, மார்லிஸ்” என்றாள். நான் தாள்களை ஒழுங்காக அடுக்கினேன். அவள் பார்வை ஜன்னலிலிருந்து என் முகத்துக்கு வந்தது. “தப்புதானே? எனக்கு அப்படித்தான் தோணுது. ஆனா எனக்குத் தோணுறத வெச்சு...” அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு, “நீயே சொல்லேன். இது தப்பா, இல்லையா?” என்றாள்.

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து விளக்கினேன். இருபது நிமிஷம் ஆயிற்று. இரண்டே முறைதான் மறுத்தாள். சாட்சியாகக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு என்னைத் தப்பாக நினைத்துவிட்டதற்கு நேற்று முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாவம், நானும் மன்னித்துவிட்டேன்.