பால் கேனுக்குப் போட்ட சரிவு

எழுபதுகளில் ஒரு குளிர்காலக் காலை, ஜெர்மனியில் எசன் நகருக்கு வெளியே ஒரு சிறிய ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் இரண்டு தமிழர்கள் என் பக்கத்தில் நின்றிருந்தார்கள். இளையவர் சொன்னார்:

“இந்த ஊருக்கு வேலையைப் பாத்து வரல சார், இந்த ஸ்டேஷனைப் பாத்துதான் வந்தேன்.”

“இதுல என்ன இருக்கு?”

“படி இல்ல. அந்தக் காலத்துல பால் கேன் வண்டி ஏத்தறதுக்குச் சரிவு போட்டிருக்காங்க. புது ரயிலுக்காக இப்ப பிளாட்பாரத்தையும் ரயில் வாசல் மட்டத்துக்கு உயர்த்திட்டாங்க. என் ஒய்ஃப் கக்கத்துல கட்டை வெச்சு நடக்கறவ. ஊர்ல எந்த ஸ்டேஷன் போனாலும் நான்தான் தூக்கி ஏத்துவேன். அவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது.”

“எப்ப வராங்க?”

“அடுத்த வாரம்.”

“பனி வழுக்குமே. கையைப் பிடிச்சே கூட்டிட்டு வாங்க.”

“மணல் தூவறாங்க, பாத்துட்டேன். நான் முன்னாடியே வந்து இங்க நிப்பேன் சார். அவளே ஏறி வருவா.”