கோர்ஸ் முடியட்டும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், டாக்டர். எனக்கு முயல் என்றால் பிடிக்காமல் இல்லை. தங்கை ஒரு பழக்கூடையில் வைத்து அதைக் கொண்டுவந்த அன்று, தட்டை முன்னால் வைக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்த மிடுக்கைப் பார்த்து 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்ததே நான்தான். "நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மாப்பிள்ளை, அதுக்கும் காது நீளம்" என்று அவள் சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்கு வார்டு அலுப்பெல்லாம் போய்விடும்.

அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்கு இருபத்திரண்டு. அப்போதிருந்து நாங்கள் இருவர்தான். மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரு பால்கனி. பால்கனிக்குக் கம்பி வலை அடித்தது மாப்பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்றுதான். மாப்பிள்ளை வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அடித்துவிட்டேன் என்று அவள் கிண்டல் செய்வாள். அப்போது புறாத் தொல்லை இருந்தது.

அவள் வரைபடம் வரைகிறவள். வேறொரு நகரத்தில் பெரிய அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அதே மாதம் மாப்பிள்ளையின் தாடையில் கட்டி வந்தது. மிருக வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டு, "முயலுக்குச் சீழ் தயிர்க்கட்டி மாதிரி கெட்டியா இருக்கும்மா, லேசுல வெளிய வராது. நாள் விட்டு நாள் பென்சிலின் ஊசி, குறைஞ்சது மூணு மாசம்" என்றார். பிறகு விரலை ஆட்டிச் சொன்னார்: "ஊசி மட்டும்தான். வாய் வழியா ஒரு சொட்டு போகக்கூடாது. வயித்துல இருக்கற நல்ல கிருமியெல்லாம் செத்துப்போயிடும், பின்னாலயே முயலும் போயிடும்." ஒரே மருந்துதான், டாக்டர். தோலுக்கடியில் போனால் உயிர், வாயில் போனால் சாவு. இத்தனை வருடம் நர்சாக இருந்தும் எனக்கு அது புதிது.

தங்கைக்கு ஊசியைக் கண்டாலே முகம் வெளுத்துவிடும். அவள் மடியில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்வாள், நான் போடுவேன். பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனால் மாப்பிள்ளை தாங்காது. புது ஊரில் ஊசி போட யாரும் இல்லை. "கோர்ஸ் முடியட்டும்க்கா, அப்புறம் கிளம்பறேன்" என்றாள். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். அலுவலகத்தாரும் நல்லவர்கள், அதுவரை வீட்டிலிருந்தே வரையச் சொன்னார்கள்.

அந்த மருந்து தூளாக வரும். தண்ணீர் கலந்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினாலும் வெள்ளைதான். கட்டி பெருத்தால் முழு மருந்து கொடுப்பேன், சுருங்கினால் தண்ணீர். பெருக்கவும் விடாமல் ஆறவும் விடாமல் பதினான்கு மாதம் ஒரே அளவில் வைத்திருப்பது சாதாரண வேலை இல்லை. கை பழகியிருக்க வேண்டும். அதற்கு வலித்திருக்காதா என்று கேட்பீர்கள். முயல் வலியை வெளியே காட்டாது, பல்லை மட்டும் நறநறவென்று கடிக்கும். எனக்கும் கேட்டது. கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு என் கெட்ட நேரம். படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது, நீங்கள்தான் மாவுக்கட்டுப் போட்டுவிட்டீர்கள். ஆறு வாரம். யாரையாவது கூப்பிட்டு ஊசி போடச் சொல்லுவாள், மருந்தை மட்டும் நான் கலந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் மருந்தையும் தானே கலந்து, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, தானே போட்டாள். "நீ பிடிச்ச முயலுக்கு மூணு கால்னா, நான் பிடிச்ச முயலுக்கு நாலு கால்க்கா, நல்லா எண்ணிப் பாரு" என்றாள். முழு மருந்து. நான் கட்டிலில் கையைத் தூக்கி வைத்தபடி, மாப்பிள்ளை நாளுக்கு நாள் தேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு வாரத்தில் அந்த அறையை விடச் சின்ன இடத்தில் நான் இருந்ததில்லை.

வைத்தியர் கோர்ஸ் முடிந்தது என்றார். அவள் மூடிபோட்ட கூடை வாங்கினாள், வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாள். கூடைக்குள் என் பழைய புடவையை மடித்து விரித்தாள். "உன் வாசனை இருந்தா அது பயப்படாதுக்கா" என்றாள்.

மிச்ச மருந்து ஃப்ரிட்ஜில் இருந்தது. செவ்வாய்க்கிழமை வாழைப்பழத்தில் பிசைந்து இடது கையால் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு என்மேல் நம்பிக்கை, விரலைக்கூட நக்கியது. வெள்ளிக்கிழமை காலை, அவள் மடியிலேயே துடித்து அடங்கியது. துடிக்கும்போது பின்னங்கால் நகம் அவள் புறங்கையை ஆழமாகக் கிழித்துவிட்டது.

"என் ஊசிதானேக்கா? நான்தான் ஏதோ தப்பாப் போட்டுட்டேன், இல்ல?" என்று அழுதாள். தெரியாத கை, பரவாயில்லை விடு என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது? அவள் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டாள். ஆனால் பத்தாம் நாள் அலுவலகத்துக்குப் போன் செய்து, "கையில காயம், மாத்திரை கோர்ஸ் முடிஞ்சதும் வந்துடறேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

அதனால்தான் ஏழு நாளில் ஆற வேண்டிய காயம் ஏழாவது வாரமாக ஆறவில்லை. சீழைப் பரிசோதித்ததில் இந்த மருந்துக்கே கிருமி சாக வேண்டும் என்று வந்திருக்கிறது, பிறகு ஏன் சாகவில்லை என்று குழம்புகிறீர்கள். இத்தனை பேர் பார்த்தும், "மாத்திரை யார் கையால குடுக்கறது, சிஸ்டர்?" என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். என் கையால்தான். கேப்சூலைத் திருகினால் இரண்டாகக் கழன்றுவிடும். உள்ளே இருப்பதைத் தட்டிவிட்டுக் கோதுமை மாவு அடைப்பேன். முழுவதும் அல்ல. காய்ச்சல் ஏறினால் நல்ல மாத்திரை, இறங்கினால் மாவு. போன வாரம் கொஞ்சம் கணக்குத் தப்பிவிட்டது.

விரல்கள் போய்விடலாம் என்கிறீர்கள். வரைகிற கை. எனக்குத் தெரியாதா? பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இனி டிரிப்பில் நீங்களே மருந்து ஏற்றப்போவதாகச் சொல்கிறீர்கள். ஏற்றுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை.

ஒன்றுதான் கேட்கிறேன். இதை அவளிடம் சொல்லும்போது, அவளே நேற்று என்னிடம் சொன்னதையும் நினைவுபடுத்துங்கள். சாயங்காலம் கஞ்சி ஊட்டினேன். நல்ல கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா என் கதி என்னக்கா?" என்றாள். நீங்களே யோசித்துப் பாருங்கள், டாக்டர். நான் மட்டும் இல்லாவிட்டால் இன்று அவள் எங்கே இருந்திருப்பாள்?