முதல் மூன்று படங்கள்

எனக்கு டோனட் அவ்வளவாகப் பிடிக்காது. சர்க்கரை பல்லில் ஒட்டும். ஆனால் எங்கள் ஆய்வுக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாராவது சொல்லி அது பொய்த்துப்போனால், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு பெட்டி டோனட் வாங்கி வர வேண்டும். நியூ மெக்ஸிகோவில் முப்பது வருடமாக இருக்கிறேன், ஒருமுறைகூட நான் வாங்கியதில்லை. விசாரணைக் குழு இதையும் குறித்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கோ தொலைவில் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது முக்கால் நிமிடம்போலக் காமாக் கதிர்களைக் கொட்டும். செயற்கைக்கோள் அதைப் பார்த்துச் சேதி அனுப்பும். குன்றின் மேலிருக்கும் எங்கள் தொலைநோக்கி தானே திரும்பிப் படமெடுக்கும், முதல் படம் இருபதாவது விநாடியில், மூன்றாவது ஒரு நிமிடத்துக்குள். கண்ணுக்குத் தெரிகிற ஒளி ஒரு நிமிடம் கழித்துத்தான் வரும், சிதறியதெல்லாம் சுற்றியிருக்கும் வாயுவில் போய் மோதிய பிறகு. இது என் கொள்கை. என் பதவி, என் பதக்கம், என் பெயர் போட்ட அரங்கம் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தின் மேல்தான் நிற்கின்றன.

அதனால் கணினிக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: முதல் மூன்று படங்களை ஒதுக்கிவிடு. திரும்பிய வேகத்தில் தொலைநோக்கி ஆடும், படம் சரியாக விழாது என்று காரணமும் எழுதினேன். பதினோரு வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்ல பிள்ளைகள்.

மரிசோல் ஆர்ச்சுலெட்டா கேட்டாள். டாக்டர் பட்டம் முடித்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவள். ஒதுக்கிய படங்களைத் தோண்டியெடுத்துக்கொண்டு, காலைக் காபியோடு என் அறைக்கு வந்தாள்.

"கார்ல், இதக் கொஞ்சம் பாருங்களேன். காமா ஏறும்போது வெளிச்சமும் ஏறுது, அது இறங்கினா இதுவும் இறங்குது. ரெண்டும் ஒரே இடத்துலேர்ந்துதான் வருது."

"ஏரோப்ளேனா இருக்கும்மா."

"நாலு வெடிப்புலயுமா? ரொம்ப கரெக்டான பைலட்தான்."

நானும் சிரித்தேன். கெட்டிக்காரி. அவளுக்கு அவசரபுத்தி வந்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குக் கவலை.

அடுத்த வெடிப்பு வந்தபோது, முதல் மூன்று படங்களிலும் நானே ஒரு வெளிச்சப் புள்ளியை வைத்தேன். மூடி போட்டு, வெளிச்சமே புகாமல் எடுக்கும் சோதனைப் படத்திலும், அதே இடத்தில், அதே புள்ளி. வெள்ளிக்கிழமை அவள் எழுந்து நின்று அறிவித்தாள். சோதனைப் படத்தைத் திரையில் போடச் சொன்னேன்.

"மூடிக்குள்ளயும் நட்சத்திரம் வெடிக்குதா, மரிசோல்?" என்றான் பக்கத்து அறை டுவைட். அறையே சிரித்தது.

மறுவாரம் டோனட் வந்தது. முதலில் எடுத்தது நான்தான், அவள் மனம் நோகக் கூடாதென்று.

அவள் குன்றுக்குப் போய் நான்கு நாள் கேமராவைத் துடைத்தாள். நான் புள்ளியை எடுத்துவிட்டேன். கேமராவின் பழுதுதான், துடைத்ததில் சரியாகிவிட்டது என்று நம்பினாள். பழைய நான்கு வெடிப்புகளையும் பட்டியலிலிருந்து தன் கையாலேயே அடித்துவிட்டாள். பிறகு, "எனக்குக் கண்ணுலதான் ஏதாவது கோளாறோ, கார்ல்?" என்று கேட்டாள். என் காரிலேயே கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு குறையும் இல்லை என்றார். நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அவள் திரும்பும் வழியெல்லாம் அழுதாள். ஒப்பந்தம் முடிந்ததும் அதை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இப்போது அல்புகர்க்கியில் வீடு விற்கிறாள் என்று கேள்வி.

போன வருடம் சிலியில் ஒரு குழு இதே ஒளியைப் பார்த்துவிட்டது. பிடிவாதம் விஞ்ஞானிக்கு அழகல்ல. அவள் அடித்துவிட்டுப் போன நான்கையும் எடுத்து நானே கட்டுரை எழுதினேன்: இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

திருட்டு என்கிறீர்கள். செய்த உதவியை மறக்கிற ஆளா நான்? கட்டுரையின் கடைசி வரியைப் பாருங்கள். மரிசோல் ஆர்ச்சுலெட்டாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், கேமராவைத் துடைத்துத் தந்ததற்காக.