மூன்றாம் மாடி மீட்டர்

மணி இரண்டே முக்கால். ராத்திரி இல்லை, பட்டப்பகல். பேய்க்கு நடுராத்திரிதான் டியூட்டி என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

ஆள் நடமாட்டமே இல்லாத தெரு. இரண்டு பக்கமும் குடோன்கள். காலையில் லாரி வந்து சரக்கு இறக்கிவிட்டுப் போனால், அப்புறம் ஈ காக்கா கிடையாது. வெயில் மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

நடந்தது என் சிநேகிதனின் கொழுந்தியாளுக்கு. வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்க்கிற வேலை. ஆபீஸில் ‘யூனிட் அக்கா’ என்பார்கள். பொய் சொல்லத் தெரியாதவள். ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதுவும் வாயால் இல்லை, கட்டை விரலால்.

அந்தத் தெரு அவளுக்குப் புதிது. முதல் மாதம், பதினொன்றாம் தேதி. கடைசிக் கட்டடத்தில் கீழே எல்லாம் குடோன். மூன்றாம் மாடியில் மட்டும் ஒரே ஒரு வீடு. லிஃப்ட் இல்லை. இவளுக்கோ முழங்கால் வலி உயிர் போகிறது. படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்... கையிலிருந்த மெஷினில் ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்கிற பட்டனை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். தேதியையும் நேரத்தையும் மெஷின் பதிந்துகொண்டது. இந்த வேலையில் இருக்கிற எல்லாரும் ஒரு நாளாவது செய்கிற காரியம்தான். அந்த மாதத்துக்குச் சராசரி போடுவார்கள். அடுத்த மாதம் சரியாகிவிடும்.

பத்து நாள் கழித்து, நாற்றம் தாங்காமல் லாரிக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள். மேலே தனியாக இருந்த பெரியவர் ஒருவர், சமையலறையில் செத்துக் கிடந்தார். இவள் முகம்கூடப் பார்த்திராத மனிதர்.

இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கே வந்தார்.

“பெரியவர் ஊருக்குப் போயிருந்தார்னு அவரோட அண்ணன் பையன் சொல்றான். பதினொண்ணாந் தேதி கதவு பூட்டியிருந்துச்சுன்னு உங்க மெஷினும் சொல்லுது. திரும்பி வந்ததும் நெஞ்சுவலி. அவ்வளவுதாம்மா கேஸு. நல்லவேளை, நீங்க மூணு மாடி ஏறிப் போய்ப் பார்த்தீங்க.”

அவள் தலையாட்டினாள்.

அதற்கப்புறம் அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். உப்பே இல்லையே என்று அவள் அக்கா சொன்ன பிறகுதான் உப்பில்லை என்று தெரிந்தது. உள்ளே ஒரே ஒரு கேள்வி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏறாத அன்று, அந்த மனிதர் வீட்டில் இருந்தாரா?

ஒரு நாள் காலையில் போய் லாரியில் மூட்டை இறக்குகிறவரிடம் கேட்டாள்.

“ஊருக்கா? எந்த ஊருக்கு? அவர் தெருமுனைக்கு வந்தே நாங்க பார்த்ததில்லையேம்மா. அந்தப் பையன்தான் எல்லாம் வாங்கிட்டு வந்து போடுவான்.”

அடுத்த மாதம் பதினொன்று. அதே இரண்டே முக்கால். இந்தத் தடவை ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ‘கடக்... கடக்...’ என்றது. கதவைத் திறந்தவன் அண்ணன் பையன். பினாயில் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை. ஹாலில் பெயிண்ட் டப்பாக்கள்.

“வாங்கக்கா. மீட்டர் சமையல் ரூம்ல, கதவுக்குப் பின்னாடி.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினால்தான் மீட்டர் தெரியும். மீட்டர் பார்க்கிறவர்களைத் தவிர அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். போலீசும் பார்த்திருக்கவில்லை. சாத்தினாள்.

மீட்டருக்குக் கீழே, சுவரில், பென்சில் எழுத்து. குண்டு குண்டாக, ஒழுங்காக.

‘9. ரீடிங் 4417. வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டான். என் போனும் மாத்திரையும் அவனிடம்.’

‘10. ரீடிங் 4418.’

‘11. ரீடிங் 4419. இன்று மீட்டர் பார்க்க வருவார்கள்.’

‘மணி 2.45. கீழே செருப்புச் சத்தம். கூப்பிடக் குரல் வரவில்லை. ஏறி வருவார்கள்.’

‘13.’ அதற்கப்புறம் ஒரு கோடு மட்டும், கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அவள் நின்றாள். அப்போது ஒரு சத்தம்... ‘கரக்... கரக்...’ காதுக்குப் பக்கத்தில். புதிதாகச் சீவிய பென்சில் வாசனை. கோட்டுக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, அன்றைய தேதி வந்தது.

‘வந்துவிட்டார்கள்.’

“என்னக்கா, நம்பர் தெரியுதா?” வெளியிலிருந்து அவன் கேட்டான்.

“தெரியுதுப்பா.”

“நாளைக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். இந்தக் கதவையும் கழட்டிடுவோம்.”

“சரிப்பா.”

செல்போனில் சுவரைப் படம் எடுத்துக்கொண்டாள். மூன்று மாடியும் இறங்கினாள். நேராக ஸ்டேஷன்.

“சார், அன்னைக்கு நான் ஏறவே இல்ல. சும்மா பட்டனை அமுக்கிட்டேன். அவர் உள்ளதான் இருந்திருக்கார். ஏறியிருந்தா பிழைச்சிருப்பார்.”

ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கிற சாதாரணக் குரலில் சொன்னாளாம். அன்று சாயங்காலமே அவனைப் பிடித்தார்கள். வீட்டைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான், பெரியவர் மாட்டேன் என்றிருக்கிறார். அவர் செத்த பிறகு வந்து, போனையும் மாத்திரையையும் உள்ளே வைத்துவிட்டுப் பூட்டைக் கழற்றியிருக்கிறான். இவளுக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன். படத்தில் அந்தக் கடைசி வரி மட்டும் இல்லை. போலீஸ் போய்ப் பார்த்தபோது சுவரிலும் இல்லை. அவள் யாரிடமும் வாதாடவில்லை.

இப்போது வேறு ஏரியா, எங்கள் பக்கம்தான். எத்தனை மாடி என்றாலும் ஏறிவிடுகிறாள். பூட்டு தொங்கினாலும் தட்டுகிறாள். தட்டினால், உள்ளேயிருந்து வயதான குரல் ஒன்று, நிதானமாக, நம்பரைச் சொல்கிறது. அவள் “சரிங்கய்யா” என்று சொல்லிப் பதிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். பயமில்லையா என்று கேட்டேன். “ஏறி வந்தா போதும்னு நினைக்கிறார் போல” என்றாள். அவ்வளவுதான்.

போன வாரம் நாங்கள் யாரும் இங்கே இல்லை. வெளியே பூட்டு. திரும்பி வந்தபோது வாசற்கதவின் அடியில் அவள் செருகிவிட்டுப் போன ரீடிங் சீட்டு கிடந்தது. மீட்டர் இந்த வீட்டுக்குள்ளே, அதோ, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நான் போய்ச் சரிபார்த்தேன்...

ஒரு யூனிட்கூடத் தப்பில்லை.