மரத்துக்கு மட்டும்

தேக்கு மரத்தின் மேல் பச்சைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது யார் என்று அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மங்கலத்தில் பஞ்சு அரவை மில் வைத்திருந்தவர் நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய தொட்டிக்கட்டு வீடு அது. தலைவாசல் நிலை, கதவுகள், தூண்கள், மச்சுப் பலகை, மாடிப்படியின் கைப்பிடி எல்லாம் நல்ல தேக்கு. அத்தனையின் மேலும் ஆஸ்பத்திரி சன்னல் மாதிரி பச்சை. அதை எடுத்துவிட்டு மரத்தை மரமாக்கித் தரச் சொல்லி அறுபத்து மூன்றில் எங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் கேட்கிற விஷயம் அந்த வேலையின்போது நடந்ததுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் பழனிமுத்து. ஏட்டு ஐயா எழுதுவதற்குத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன். பழைய வீடுகளில் உள்மர வேலைதான் என் தொழில். சுண்ணாம்பும் காஸ்டிக் சோடாவும் குழைத்துப் பூசினால் பழைய பெயிண்ட் ஊறித் தோல் மாதிரி எழும்பும். அதைச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு அரக்குப் பாலீஷ் ஏற்ற வேண்டும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது. நான் எதிலும் அவசரப்பட்டதில்லை.

அம்மா செத்த பிறகு திருப்பூரில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லைன் வீட்டு அறையில் தனியாக இருந்தேன். கல்யாணம் அமையவில்லை. வேலை இல்லாத நாளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடும். சாயங்காலம் கடையில் போய் ஒரு டீ என்று கேட்கும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருக்கும். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

பிறகு தாராபுரத்தில் ஒரு வீட்டு வேலையின்போது லிங்கசாமி வந்து சேர்ந்தான். மூலனூர்க்காரன். மாட்டு வண்டிகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், அவனுக்கும் சொந்தமென்று யாரும் இல்லை. அந்த வேலை முடிந்ததும் திருப்பூருக்கு என்னோடு வந்து என் அறையிலேயே தங்கிவிட்டான். சமைப்பது நான், பேசுவது அவன். பஸ்ஸில் பார்த்த ஆள், வேலை செய்த வீட்டுக்காரரின் இருமல், மூலனூர்ச் சந்தையில் முருங்கைக்காய்க்கு நடந்த சண்டை, எல்லாவற்றையும் நடித்தே காட்டுவான். நான் சோற்றைக் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேலையிலும் அவன் கெட்டிக்காரன். கரையான் தின்ற இடத்தில் தச்சர் மாம்பலகை வைத்து அடைத்துவிட்டுப் போவார். அதன் மேல் லிங்கசாமி கோழி இறகையும் மெல்லிய பிரஷையும் வைத்துத் தேக்கு ரேகையை வரைவான். மங்கலத்து வீட்டுக்கார அம்மா ஜானகியம்மாள் ஒருநாள் கதவின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "ஏனுங்க, இதுல எது புதுப் பலகைங்க?" என்று கேட்டார்.

"நீங்களே சொல்லுங்கம்மா," என்றான் லிங்கசாமி.

அந்த அம்மா நல்ல தேக்குப் பலகையைக் காட்டினார். அன்று முழுக்க அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பச்சை எல்லாம் எடுத்து முடித்து மச்சுப் பலகையைத் தேய்க்க ஆரம்பித்திருந்தோம். சாரத்தின் மேல் இரண்டு பேரும் மல்லாந்து படுத்த வாக்கில் வேலை செய்துகொண்டிருந்தோம்.

"அண்ணா, இந்த ஊட்டு வேல முடிஞ்சதும் நான் சோமனூரு போயிரலாம்னு இருக்கறனுங்க," என்றான்.

"எத்தன நாளைக்கு?"

"அங்கயே இருந்துக்கலாம்னுதானுங்க. மருதாளக் கட்டிக்கறேன்னு சொல்லிப்போட்டனுங்க."

முந்தின வருஷம் சோமனூரில் ஒரு தறி முதலாளி வீட்டில் வேலை செய்தோம். அவருடைய தறிப்பட்டறையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த பெண் மருதாள். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அதற்கு மேல் நான் கவனித்ததில்லை. என்னிடம் எல்லாவற்றையும் சொல்கிறவன் இதை மட்டும் ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தான்.

"நீங்களும் வந்துருங்கண்ணா. பக்கத்துலயே ஒரு ஊடு பாத்துக்கலாம். மருதாளே சொல்லுச்சுங்க," என்றான்.

இதெல்லாம் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. எனக்குத் தெரியாதா. "நல்லது லிங்கு" என்றேன். கீழே இறங்கிப் புது உப்புத்தாள் எடுத்து வந்து, விட்ட இடத்திலிருந்து தேய்த்தேன்.

அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டும். மதுவிலக்கு இருக்கிற ஊரில் பாலீஷ்காரன் அதைக் குடிக்கவும் எடுப்பான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. லிங்கசாமி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோற்றுக்கு முன்னால் கொஞ்சம் குடிப்பான். நான் குடிக்கிறவன் இல்லை. தன் கையில் விட்டால் அளவு மீறும் என்று அவனே பயந்து, ஊற்றிக் கொடுக்கிற வேலையை என்னிடம் விட்டிருந்தான். நான் கொடுப்பதை வாங்கிக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைப்பான்.

வழக்கமாகக் கியாசுதீன் பாய் கடையில்தான் வாங்குவோம். அந்த மாதம் அவரிடம் சரக்கு வரவில்லை. சாயப்பட்டறைக்கு வந்ததில் கொஞ்சம் எனக்காக வாங்கி வைத்திருந்தார். டின்னைக் கையில் கொடுக்கும்போது, "பழனிண்ணே, இது மரத்துக்கு மட்டுந்தானுங்க. பட்டறையில ஒருத்தன் இதைக் குடிச்சுப்போட்டு ரெண்டு கண்ணும் போயிருச்சு. உங்க கூட இருக்கறவருகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றார்.

"சொல்றனுங்க பாய்," என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லிங்கசாமி தெரியாமல் டின்னை மாற்றி எடுத்துக் குடித்துவிட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். ஜானகியம்மாளிடமும் அதையே சொன்னேன். பலதடவை சொன்னதில் எனக்கும் அது பழகிவிட்டது. இப்போது நடந்தபடி சொல்கிறேன். பழைய ஸ்பிரிட் பாட்டிலில் மிச்சம் இருந்தது. அந்த ஒரு வேளைக்கு அது தாராளமாகப் போதும். நான் அதை எடுக்கவில்லை.

"இன்னைக்கு நாத்தமே இல்லீங்களே அண்ணா," என்றான் தம்ளரை வாங்கிக்கொண்டு.

"நல்ல சரக்கு," என்றேன்.

அவன் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவன் செத்துப்போனால் எனக்கு என்ன இருக்கிறது? அதனால்தான் மிகக் கொஞ்சமாக ஊற்றினேன். அவன் இன்னும் கேட்டான். கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்கு வந்தோம். சாரத்தின் மேல் ஏறியவன் பிரஷைத் தொடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். "அண்ணா, மச்சு பூராப் பனி எறங்கின மாதிரி இருக்குதுங்க," என்றான். நான் அவனைக் கைப்பிடித்து இறக்கினேன். இறங்கும்போது என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

ஜானகியம்மாள் வந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "கார எடுக்கச் சொல்றனுங்க. கோயமுத்தூருக் கூட்டிட்டுப் போயிருங்க."

"சோடா ஆவிங்கம்மா. ஒருநாள் கண்ண மூடிப் படுத்திருந்தாச் சரியாப்போயிரும்," என்றேன். அந்த வேலையைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பினார்.

ஒருநாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். முந்தின நாளே வந்திருந்தால் கொஞ்சமாவது பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. அதையும் சேர்த்தே எழுதலாம்.

செய்தி கேட்டு மருதாள் சோமனூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். லிங்கசாமி அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் வாசலிலேயே அவளை நிறுத்தினேன்.

"அவனுக்கு உன்னப் பாக்கப் புடிக்கல அம்மணி," என்றேன்.

"அவரு என்னப் பாக்க வேண்டாமுங்க. நான் பாத்துட்டுப் போறனுங்க," என்றாள்.

நான் வழி விடவில்லை. அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. கொண்டுவந்திருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரமும் வந்தாள். அப்போதும் அப்படியே அனுப்பினேன். அன்று சாயங்காலம் லிங்கசாமியிடம், மருதாள் வந்தாள், வாசப்படியில் நின்று உன் கண்ணைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் போய்விட்டாள் என்று சொன்னேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "சரிங்க," என்றான்.

மங்கலத்து வேலையை நான் தனியாகவே முடித்தேன். மாம்பலகை வைத்த கதவு ஒன்று மிச்சம் இருந்தது. லிங்கசாமி வரைவதைப் பத்து வருஷமாகப் பார்த்திருக்கிறேன் என்ற தைரியத்தில் நானே ரேகை வரைந்தேன். காய்ந்தபின் சேற்றில் கோழி கிளறின மாதிரி இருந்தது. ஜானகியம்மாள் பார்த்துவிட்டு, "இருக்கட்டுங்க," என்று உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் அவனைக் கவனித்துக்கொண்டது லைன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ராமாத்தாள் என்று பக்கத்து அறைக்காரம்மா, கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று என் காதுபடச் சொன்னதுண்டு. குளிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பேன். முகம் மழித்துவிடுவேன். மீனில் முள் எடுத்துப் போடுவேன். வேலைக்குப் போகும்போது, தடுக்கி விழுந்துவிடப் போகிறானே என்று கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவேன். வெளியே கூட்டிப்போனால் என் கையை விடமாட்டான்.

பேச்சு மட்டும் நின்றுவிட்டது. பேசக்கூடாது என்று வீம்பு ஒன்றும் இல்லை, கேட்டால் பதில் சொல்வான். தானாக எதுவும் சொல்ல மாட்டான். அதனால் நான் பேசப் பழகிக்கொண்டேன். அன்றைக்கு வேலை செய்த வீடு, அங்கே இருந்த மரம், பஸ்ஸில் பார்த்த ஆள் என்று அவன் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்ப்பேன். நடித்துக் காட்டவும் செய்வேன். அவனுக்குக் கண் தெரியாது என்பது நடுவில்தான் நினைவு வரும். ஆனாலும் சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது உள்ளே ஒரு ஆள் இருக்கிறது என்பது பெரிய விஷயம் ஐயா. தனியாக இருந்தவனுக்குத்தான் அது புரியும். இந்த ஆறு வருஷமும் நான் நன்றாக இருந்தேன். அவனுக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை.

முந்தாநாள் நான் அவிநாசியில் வேலைக்குப் போயிருந்தேன். கியாசுதீன் பாய் மகள் நிக்காவுக்குச் சொல்ல எங்கள் அறைக்கு வந்திருக்கிறார். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனவரை, உள்ளேயிருந்து லிங்கசாமி கூப்பிட்டிருக்கிறான். சன்னலில் நின்று பேசியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாகக் கண் இப்படியே இருக்கிறதே என்று பாய் வருத்தப்பட்டு, மனதில் ஒன்றும் இல்லாமல், அன்றைக்கே பழனியண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னேனே என்று சொல்லியிருக்கிறார்.

நான் வந்து கதவைத் திறந்தபோது அவன் நடுச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"கியாஸ் பாய் வந்துட்டுப் போனாருங்க," என்றான்.

"ஓ."

"சாயப்பட்டறைச் சரக்கப் பத்தி உங்ககிட்டச் சொன்னாருங்களாமா. நீங்க மறந்துட்டீங்களாண்ணா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம், மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அந்த வார்த்தையை அவனே எடுத்து என் கையில் கொடுத்தான். ஆனால் ஆறு வருஷத்தில் அவன் தானாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதற்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இல்ல லிங்கு. மறக்கல," என்றேன்.

அடுப்பைத் தூண்டிவிட்டேன். பிறகு, "மருதாள் வாசப்படியில நின்னு பாத்துட்டுப் போனதுங்கறது?" என்றான்.

நான் பானையை இறக்கினேன். தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் வைத்தேன். தட்டைத் தள்ளிவிடுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். சாப்பிட்டான். கை கழுவிவிட்டு, "சொன்னதுக்கு நல்லதுங்க," என்றான். எல்லாம் ஒருவழியாகத் தீர்ந்தது, இனிமேல் அவன் பேசுவான் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். நெடுநாளைக்குப் பிறகு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது. நேற்றுக் காலையில் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அங்கேதான் உங்கள் ஆட்கள் வந்து கூட்டிவந்தார்கள்.

செய்தது நான்தான். தெரிந்தேதான் ஊற்றிக் கொடுத்தேன். தெரிந்தேதான் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் தாமதம் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. ராமாத்தாளைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொல்லிவிட்டு, வழி கேட்டுக் கேட்டு அவன் தனியாகவே இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்தான் என்று ஏட்டு ஐயா சொல்கிறார். தண்டவாளத்தைத் தாண்டி, அத்தனை வண்டிகளுக்கு நடுவில். என் கை இல்லாமல் அவனால் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. யாரோ தூண்டிவிட்டு அழைத்து வந்திருக்க வேண்டும். புகாரைச் சொல்லி எழுதவைத்துவிட்டு, தான் எங்கே போகிறேன் என்பதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டானாம். கோபத்தில் சொல்லியிருப்பான். மாற்றுத் துணிகூட எடுத்துப் போகவில்லையே.

நீங்கள் சொல்ல வேண்டாம். ஆனால் என்னை எந்த ஜெயிலில் வைப்பீர்கள் என்பதை மட்டும் அவனுக்குச் சொல்லியனுப்பிவிடுங்கள். தேடுவான்.